எருசலேம், கி.மு. 701: இஸ்ரவேலரின் போர்களில் கடவுள் தலையிட்டார் என்பதற்குச் சான்று உண்டா?

இஸ்ரவேலரின் போர்களில் கடவுளே இறங்கி எதிரிகளை முறியடித்தார் என்று பழைய ஏற்பாடு சொல்லும் இடங்களுக்கு வரலாற்றுச் சான்று ஏதேனும் உண்டா, அல்லது வென்றவர்கள் தங்கள் வெற்றியைப் பெரிதாக்கிக் காட்டப் பிற்காலத்தில் எழுதிவைத்த கதைகளா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே இரவில் 1,85,000 அசீரியர் மாண்டனர் என்ற செய்தியை எப்படி நம்புவது என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அந்தப் போர் நடந்ததா, அதன் முடிவு வேதாகமம் சொல்வதுபோல் இருந்ததா என்பது ஒன்று. அந்த முடிவைக் கொண்டுவந்தவர் கடவுளா என்பது இன்னொன்று. இவற்றோடு, இப்படிப்பட்ட கதைகளை எழுதுபவர்கள் வென்றவர்களாகத்தான் இருப்பார்கள் என்ற அனுமானமும் உங்கள் கேள்விக்குள் இருக்கிறது. அதையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இறையியல் மாணவர்களுக்குப் பழைய ஏற்பாட்டையும் அது தோன்றிய காலத்தின் மேற்காசிய வரலாற்றையும் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். நான் கடவுள் நம்பிக்கை உடையவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. ஆனால் என் நம்பிக்கையைச் சான்று என்று இங்கே முன்வைக்க மாட்டேன். ஒரு மதில் எரிந்ததா, ஒரு நகரம் எந்த நூற்றாண்டில் அழிந்தது, ஓர் அரசன் எவ்வளவு கப்பம் கட்டினான் என்பதையெல்லாம் மண்ணுக்கடியில் கிடைக்கும் பொருள்களும் கல்வெட்டுகளும் ஓரளவு சொல்லும். அந்த மதிலை வீழ்த்தியது யாருடைய சித்தம் என்பதைச் சொல்ல எந்த ஓட்டுச்சில்லாலும் முடியாது. கடவுள் செய்தார் என்று நிறுவவும் தொல்லியலால் ஆகாது, செய்யவில்லை என்று நிறுவவும் ஆகாது.

மிகப் பழைய போர்களைப் பொறுத்தவரை நம் கையில் இருப்பது மிகக் குறைவு. இஸ்ரவேல் என்ற பெயர் வேதாகமத்துக்கு வெளியே முதன்முதலில் ஐயமின்றித் தென்படுவது, எகிப்திய மன்னன் மெர்னெப்தா ஏறக்குறைய கி.மு. 1208-இல் நிறுத்திய வெற்றிக் கல்லில். அந்தக் கல்லும் இஸ்ரவேலை அழித்துவிட்டதாகப் பெருமை பேசும் கல்தான். செங்கடலில் பார்வோனின் சேனை மூழ்கியதைப் பற்றி எகிப்தியப் பதிவு எதுவும் கிடைக்கவில்லை. யோசுவாவின் தலைமையில் இஸ்ரவேலர் சுற்றிவர, மதில் தானே விழுந்ததாக வேதாகமம் சொல்லும் எரிகோவில் 1930-களில் அகழ்ந்த ஜான் கார்ஸ்டாங், இடிந்து கிடந்த மதில் யோசுவாவின் காலத்தது என்றார். 1952 முதல் 1958 வரை அதே மேட்டை அகழ்ந்த கேத்லீன் கென்யன், அந்த நகரம் கி.மு. 1550-ஐ ஒட்டியே அழிந்துவிட்டது என்று காட்டினார். அதை மறுத்து எழுதியவர்கள் உண்டு என்றாலும், ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கென்யன் பக்கமே நிற்கின்றனர். ஆகவே எரிகோவைச் சான்றாகக் காட்டி எவரேனும் உங்களிடம் வாதிட்டால், அந்த வாதம் வலுவற்றது என்றே நான் சொல்வேன். கிபியோனில் சூரியன் தரித்து நின்றதாக யோசுவா 10-ஆம் அதிகாரம் கூறும்போது, யாசேரின் புஸ்தகம் என்ற, இன்று தொலைந்துபோன ஒரு பாட்டுத் தொகுப்பை அதுவே மேற்கோள் காட்டுகிறது. அங்கே நாம் படிப்பது ஒரு பழம்பாடலின் வரி என்பதை மூலமே ஒப்புக்கொள்கிறது. அதை வானியல் கணக்காக மாற்றி வாதிடுவது அந்தப் பாடலுக்கும் நியாயமாகாது.

இஸ்ரவேலின் நியாயாதிபதியான தெபொராள் கானானியப் படைத்தலைவன் சிசெராவோடு நடத்திய போரில் நமக்கு வேறு ஒரு வசதி கிடைக்கிறது. நியாயாதிபதிகள் 4-ஆம் அதிகாரம் அதை உரைநடையிலும், 5-ஆம் அதிகாரம் பாட்டாகவும் தருகின்றன. பாட்டு எபிரெய மொழியின் மிகப் பழைய கவிதைகளுள் ஒன்று என்பது பரவலான கருத்து. சிசெராவிடம் 900 இருப்பு ரதங்கள் இருந்தன என்கிறது உரைநடை. கர்த்தர் அவனையும் அவன் சேனையையும் கலங்கடித்தார் என்று சொல்லும் உரைநடை, எப்படிக் கலங்கடித்தார் என்பதைச் சொல்லவில்லை. பாட்டைப் படித்தால் அது விளங்குகிறது. மேகங்கள் தண்ணீராய்ப் பொழிகின்றன, வானத்து நட்சத்திரங்கள் சிசெராவோடு பொருதுகின்றன, கீசோன் நதி அவர்களை அடித்துக்கொண்டு போகிறது. கனமழையில் கீசோன் சமவெளி சேறாகிவிட்டால் தேர்ப்படை அங்கே முடங்கிவிடும் என்பது நிலத்தை அறிந்த எவருக்கும் புரியும். அதே பாட்டு, போருக்கு வந்த கோத்திரங்களைப் பெயர் சொல்லிப் புகழ்கிறது. வராமல் ஆட்டுத்தொழுவங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ரூபனைக் கடிந்துகொள்கிறது. கர்த்தருக்குத் துணைநிற்க வராத மேரோஸ் ஊரைச் சபிக்கிறது. மழையும் மனித உழைப்பும் கடவுளின் செயலும் அந்தப் பாடகருக்கு ஒன்றையொன்று தள்ளிவிடும் மூன்று விளக்கங்களாகத் தோன்றவில்லை. மழை பெய்தது என்றால் கடவுள் செய்யவில்லை என்று பொருள் என்ற எண்ணம் நம் காலத்தது. அதை அந்தப் பாட்டின்மேல் ஏற்றிவிட்டு, பாட்டைப் பொய் என்று சொல்வது முறையல்ல.

நீங்கள் குறிப்பிட்ட 1,85,000 பேரின் கதைக்கு வருகிறேன். அசீரியப் பாளயத்தில் கர்த்தருடைய தூதன் ஒரே இரவில் அவ்வளவு பேரைக் கொன்றான் என்று 2 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரம் சொல்கிறது. நம் கேள்வியைச் சோதிக்க இதைவிடச் சிறந்த இடம் பழைய ஏற்பாட்டில் இல்லை. ஏனென்றால் இந்த ஒரு போருக்குத்தான் இரு தரப்பின் எழுத்தும், நிலத்தடிச் சான்றும், கல்லில் செதுக்கிய படமும் ஒருங்கே கிடைத்திருக்கின்றன. கி.மு. 705-இல் அசீரிய மன்னன் இரண்டாம் சர்கோன் போர்க்களத்தில் இறந்தவுடன், அவன் மகன் சனகெரிபுக்கு எதிராகப் பல சிற்றரசுகள் கிளம்பின. எருசலேமைத் தலைநகராகக் கொண்ட யூதாவின் அரசன் எசேக்கியா அவர்களுள் ஒருவன். கி.மு. 701-இல் சனகெரிப் மேற்கே படையெடுத்து வந்தான். அந்தப் படையெடுப்பைப் பற்றி அவனே எழுதிவைத்தது பல களிமண் பட்டகங்களில் இருக்கிறது. அவற்றுள் பழையது அடுத்த ஆண்டே எழுதப்பட்டது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள டெய்லர் பட்டகமும், சிகாகோவிலுள்ள இன்னொன்றும் பத்தாண்டுக்குப் பின் வந்த படிகள். எசேக்கியாவின் 46 அரணான பட்டணங்களைப் பிடித்ததாகவும், 2,00,150 பேரை வெளியே கொண்டுவந்ததாகவும், எசேக்கியாவைக் கூண்டில் அடைத்த பறவையைப்போல எருசலேமுக்குள் அடைத்துவைத்ததாகவும் அவன் சொல்கிறான். 30 தாலந்து (அக்கால எடையளவு) பொன்னும் 800 தாலந்து வெள்ளியும், அவற்றோடு எசேக்கியாவின் குமாரத்திகளும் பாடகர்களும் பின்னர் நினிவேக்கு அனுப்பப்பட்டதாகவும் பட்டியல் இடுகிறான்.

இப்போது 2 இராஜாக்கள் 18-ஆம் அதிகாரத்தின் 13 முதல் 16 வரையுள்ள வசனங்களைப் பாருங்கள். சனகெரிப் யூதாவின் அரணான பட்டணங்களையெல்லாம் பிடித்தான், எசேக்கியா, சனகெரிப் இருந்த யூதாவின் பட்டணமான லாகீசுக்கு ஆளனுப்பி, குற்றஞ்செய்தேன் என்று பணிந்தான், 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கொடுத்தான், அதற்காக ஆலயக் கதவுகளில் தானே அடித்திருந்த பொன்தகடுகளைக் கழற்றினான் என்று அது சொல்கிறது. பொன்னின் அளவு இரு பதிவுகளிலும் அச்சாக ஒத்துப்போகிறது. வெள்ளியின் அளவு ஒத்துப்போகவில்லை, அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எல்லாம் ஊகங்களே. தங்கள் அரசன் மண்டியிட்டதையும் கடவுளின் ஆலயத்தையே உரித்துக் கொடுத்ததையும் மறைக்காமல் எழுதியவர்கள் இவர்கள். ஏசாயா புத்தகத்தின் 36-ஆம் அதிகாரத்தில் இதே கதை வரும்போது கப்பம் கட்டிய வசனங்கள் மட்டும் அங்கே இல்லை. ஆகவே இந்தச் செய்தி சிலருக்கு உறுத்தலாக இருந்திருக்கலாம் என்று நினைக்க இடமுண்டு.

லாகீசில் நடந்ததற்கு ஐயமே இல்லை. நினிவேயில் சனகெரிப் கட்டிய அரண்மனையின் ஓர் அறையைச் சுற்றிலும் அந்த முற்றுகை செதுக்கப்பட்டிருந்தது. ஹென்றி லேயார்டு கண்டெடுத்த அந்தப் பலகைகள் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மதிலை நோக்கி ஏறும் சரிவுமேட்டின்மேல் இடிபொறிகள் நகர்கின்றன. மதில்மேல் நிற்கும் யூதர்கள் எரியும் பந்தங்களை வீசுகிறார்கள். பொறிக்குள் இருக்கும் அசீரியன் ஒருவன் நீண்ட பிடியுள்ள அகப்பையால் தண்ணீர் ஊற்றித் தீயை அணைக்கிறான். ஒரு பக்கம் கழுவேற்றப்பட்டவர்கள் தெரிகிறார்கள். இன்னொரு பக்கம் மாட்டுவண்டியில் மூட்டைமுடிச்சோடு குடும்பங்கள் ஊரைவிட்டுப் போகின்றன. அரியணையில் அமர்ந்து அவற்றையெல்லாம் பார்க்கும் சனகெரிபின் முகத்தைப் பிற்காலத்தில் எவரோ வேண்டுமென்றே சிதைத்திருக்கிறார்கள். லாகீசின் மேட்டில் அந்தச் சரிவு இன்றும் நிற்கிறது. டேவிட் உஸ்ஸிஷ்கின் தலைமையில் அங்கே நடந்த அகழ்வில் அம்புமுனைகளும் கவண்கற்களும் வெளிவந்தன. மதிலுக்கு உட்புறம் நகரத்தார் அவசரமாக எழுப்பிய எதிர்மேடும் கிடைத்தது. அந்த மனிதர்களும் கடவுளை நோக்கிக் கூப்பிட்டிருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர்களுக்கு விடுதலை வரவில்லை. எருசலேமின் மீட்பைப் பேசும் எவரும் லாகீசை விட்டுவிட்டுப் பேசக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எருசலேம் வீழவில்லை என்பதும் அதே அளவுக்கு உறுதியானது. வேதாகமம் சொல்கிறது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சனகெரிப் தன் பதிவில் மற்ற ஊர்களை மேடு எழுப்பி, மதில் இடித்து, சுரங்கம் தோண்டிப் பிடித்ததாக விவரிக்கிறான். எருசலேமைச் சுற்றிக் காவல் அரண்கள் அமைத்து எவரும் வெளியே வராதபடி அடைத்ததாக மட்டுமே எழுதுகிறான், பிடித்ததாக எழுதவில்லை. அஸ்கலோனின் அரசனைப் பிடித்துக் குடும்பத்தோடு அசீரியாவுக்குக் கொண்டுபோனவன், கலகத்தின் முதன்மையானவர்களுள் ஒருவனான எசேக்கியாவை அரியணையிலேயே விட்டுச் செல்கிறான். அரண்மனைச் சுவரில் பெருமைக்குரிய இடத்தை லாகீசுக்குத் தருகிறான். தலைநகரைப் பிடித்திருந்தால் அவன் செதுக்கியிருக்கப்போவது லாகீசையா? 2 இராஜாக்கள் 19:32-இல் தீர்க்கதரிசி ஏசாயா, அசீரிய அரசன் இந்த நகரத்துக்குள் அம்பு எய்வதுமில்லை, இதற்கு எதிராகக் கொத்தளம் போடுவதுமில்லை என்று சொல்வதாக வருகிறது. அசீரியப் பதிவிலும் எருசலேமுக்கு எதிராக முற்றுகை மேடு எழுப்பிய செய்தி இல்லை. பகைவர்கள் இருவரின் எழுத்து இப்படி ஒத்துப்போவது மிக அரிது.

ஆனால் அவன் ஏன் பிடிக்காமல் திரும்பினான் என்று கேட்டால் உறுதியான நிலத்தைவிட்டு இறங்கிவிடுகிறோம். கப்பம் வந்தாயிற்று, யூதாவின் ஊர்களைப் பெலிஸ்தரின் அரசர்களுக்குப் பிரித்துக் கொடுத்தாயிற்று, இனி மலைநகரை முற்றுகையிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பது செலவு என்று கருதியிருக்கலாம். எத்தியோப்பியனாகிய தீராக்காவின் படை வருகிறது என்ற செய்தி வேதாகமத்திலேயே இருக்கிறது. எல்தெக்கே அருகே எகிப்தியரோடும் எத்தியோப்பியரோடும் பொருததைச் சனகெரிபும் குறிப்பிடுகிறான், வென்றதாகச் சொல்கிறான். தீராக்கா அரியணை ஏறியது கி.மு. 690-இல்தான் என்பதால் வேதாகமம் அவனை அரசன் என்று அழைப்பது பிற்காலத்தவர் சேர்த்த பட்டம் எனலாம். இந்தச் சிக்கலைத் தீர்க்கச் சனகெரிப் இரண்டு முறை படையெடுத்தான் என்று சிலர் வாதிட்டார்கள். இரண்டாவது படையெடுப்புக்கு அசீரியப் பதிவில் எந்தத் தடயமும் இல்லாததால் அதை நான் ஏற்பதில்லை. கொள்ளைநோய் என்ற விளக்கத்தை முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸே சொல்லியிருக்கிறார். 2 சாமுவேல் 24-இல் தேவதூதன் கை நீட்டுவதும் கொள்ளைநோயில் 70,000 பேர் சாவதும் ஒரே நிகழ்வாக வருவதால், இந்த விளக்கம் வேதாகமத்தின் பேச்சுமுறைக்கு அந்நியமானதல்ல. கிரேக்கரான ஹெரோடோட்டஸ் எகிப்தில் வேறொரு கதையைக் கேட்டிருக்கிறார். எகிப்தின் எல்லையில் பாளயமிறங்கிய சனகெரிபின் படைக்குள் இரவோடிரவாக எலிகள் புகுந்து வில் நாண்களையும் கேடயப் பிடிகளையும் கடித்துக் குதறிவிட்டன, அதனால் படை தோற்றது என்பது அந்தக் கதை. எலி என்றவுடன் கொள்ளைநோய்க்குச் சான்று கிடைத்துவிட்டது என்று பலர் எழுதுகிறார்கள். ஹெரோடோட்டஸ் நோயைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை, இடமும் எருசலேம் அல்ல. அந்தப் படைக்கு எதிர்பாராத ஏதோ நேர்ந்தது என்ற நினைவு எகிப்திலும் இருந்தது என்பதற்கு மேல் அதிலிருந்து பிழிந்தெடுக்க முடியாது.

எண்ணிக்கையைப் பற்றியும் கேட்டீர்கள். 1,85,000 என்பதை அப்படியே ஒரு தலைக்கணக்காக எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. அன்றைய எருசலேமின் மொத்த மக்கள்தொகையைவிட அது பல மடங்கு அதிகம். அவ்வளவு பெரிய படையை யூதாவின் வறண்ட மலைகளில் தண்ணீரும் தீவனமும் கொடுத்து நிறுத்துவது எளிதல்ல. அதே அளவுகோலை மறுபக்கமும் வைக்க வேண்டும். சனகெரிப் சொல்லும் 2,00,150 என்ற எண்ணையும், யூதாவின் அன்றைய மக்கள்தொகையை மதிப்பிட்டவர்களில் பலர் நம்புவதில்லை. இரு தரப்பும் அக்காலப் போர்ப்பதிவின் மரபுப்படி பெரிய எண்களை எழுதியிருக்கின்றன. எண்ணில் ஐயம் வந்துவிட்டதால் நிகழ்வே இல்லை என்று முடிவுகட்டினால், யூதாவின் அழிவையும் நாம் மறுக்க வேண்டியிருக்கும். அந்த அழிவோ மண்ணில் சாம்பல் அடுக்காகக் கிடக்கிறது.

வேதாகமக் கதை ஒரே மூச்சில் எழுதப்பட்டதல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1886-இல் பெர்ன்ஹார்ட் ஷ்டாடே என்ற ஜெர்மானிய ஆய்வாளர் இந்த அதிகாரங்களில் மூன்று இழைகளைப் பிரித்துக் காட்டினார். முதல் இழை கப்பத்தைச் சொல்லும் அந்த நான்கு வசனங்கள். இரண்டாவதில், சனகெரிப் ஒரு செய்தியைக் கேட்டுத் தன் தேசத்துக்குத் திரும்பி அங்கே பட்டயத்தால் விழுவான் என்று ஏசாயா சொல்கிறார். தூதன் வந்த இரவு மூன்றாவது இழையில் வருகிறது. இந்தப் பகுப்பில் விவரங்கள் இன்றும் விவாதத்துக்குரியவை என்றாலும், பொதுவான போக்கைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கின்றனர். சனகெரிபைக் குமாரர்களே கொன்றார்கள் என்ற செய்தியும் சோதனையில் நிற்கிறது. கி.மு. 681-இல் அவன் ஒரு கலகத்தில் தன் மகன் கையால் மாண்டதைப் பாபிலோனியக் குறிப்பேடு சொல்கிறது. வேதாகமம் அத்ரமலேக்கு என்று அழைக்கும் மகனின் பெயரை ஓர் அசீரியக் கடிதத்தில் அர்தா-முலிஸ்ஸு என்று 1980-இல் சிமோ பர்ப்போலா அடையாளம் காட்டினார். ஆனால் வேதாகமத்தில் அடுத்தடுத்த வரிகளில் வரும் திரும்பிப்போதலுக்கும் கொலைக்கும் இடையே 20 ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. எழுதியவர் காலவரிசைக் குறிப்பு எழுதவில்லை. ஒரு தீர்ப்பின் தொடக்கத்தையும் நிறைவேற்றத்தையும் அருகருகே வைத்திருக்கிறார்.

இந்தக் கதையில் என் மனம் எப்போதும் தங்கிவிடும் இடம் ஒன்று உண்டு. வண்ணார்துறைக்குப் போகும் வழியில் மேற்குளத்து வாய்க்காலின் அருகே வந்து நின்ற ரப்சாக்கே என்ற அசீரிய அதிகாரி, மதில்மேல் இருப்பவர்கள் கேட்கும்படி யூதாவின் பேச்சிலேயே பேசுகிறான். எங்களோடு அரமேயத்தில் பேசும் என்று எசேக்கியாவின் அதிகாரிகள் கெஞ்சியும் அவன் மறுத்துவிடுகிறான். கர்த்தருடைய சித்தமில்லாமலா நான் இந்த தேசத்தை அழிக்க வந்தேன், போய் அழி என்று கர்த்தரே என்னிடம் சொன்னார் என்கிறான். கடவுள் எங்கள் பக்கம் என்ற சொல் எதிரியின் வாயிலும் வருகிறது. அதை மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார்கள்.

உண்மையில் போரில் தெய்வம் இறங்கும் என்ற நம்பிக்கை இஸ்ரவேலருக்கு மட்டும் உரியதல்ல. கி.மு. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட ஹித்திய மன்னன் இரண்டாம் முர்சிலி, புயல்தெய்வம் எறிந்த இடிக்கல் எதிரியின் நகரத்தைத் தாக்கியதையும், எதிரி அரசன் முழந்தாள் மடங்கி நோயில் விழுந்ததையும், தன் படையே அதைக் கண்டதையும் எழுதியிருக்கிறான். 1868-இல் யோர்தானுக்குக் கிழக்கே தீபானில் கண்டெடுக்கப்பட்ட, இன்று பாரிசின் லூவ்ரில் இருக்கும் கல்வெட்டில் மோவாபின் அரசன் மேசா பேசுகிறான். தங்கள் தெய்வமான காமோஸ் தன் நாட்டின்மேல் கோபம்கொண்டதால் இஸ்ரவேலின் உம்ரி மோவாபை ஒடுக்கினான் என்றும், பிறகு காமோஸ் நேபோவைப் பிடி என்று சொல்ல, தான் போய் 7,000 பேரைக் கொன்று அந்த ஊரைத் தெய்வத்துக்கு அழிவாக நேர்ந்துவிட்டதாகவும் சொல்கிறான். பெயர்களை மாற்றிவிட்டால் நியாயாதிபதிகள் புத்தகத்தின் ஒரு பக்கம் என்றே நினைக்கத் தோன்றும். 1951-இல் கெர்ஹார்ட் ஃபான் ராட் எழுதிய நூல், பண்டைய இஸ்ரவேலில் பரிசுத்த யுத்தம் என்ற தனி வழிபாட்டு ஏற்பாடே இருந்தது என்று வாதிட்டது. 1972-இல் மன்ஃப்ரெட் வைப்பெர்ட், ராட் இஸ்ரவேலின் தனித்தன்மை என்று காட்டியவை பெரும்பாலும் அசீரியரிடமும் மற்றவரிடமும் இருந்தன என்று எடுத்துக்காட்டினார். வைப்பெர்ட்டின் வாதமே வலுவானது என்று நான் கருதுகிறேன்.

வேறுபாடு எங்கே இருக்கிறது என்று கேட்டால், தெய்வம் சொந்த மக்களோடு கோபங்கொள்வது என்றுகூடச் சொல்லிவிட முடியாது, அது மேசாவிடமும் இருக்கிறது. இஸ்ரவேலின் எழுத்துகளில் அது எவ்வளவு தூரம் போகிறது என்பதில்தான் வேறுபாடு. கர்த்தரின் உடன்படிக்கைப் பெட்டியைப் பாளயத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் வெற்றி நிச்சயம் என்று ஆர்ப்பரித்தவர்கள் எபெனேசரில் பெலிஸ்தரிடம் தோற்று, பெட்டியையும் பறிகொடுத்தார்கள். மீதியானியரோடு போரிடச் சென்ற கிதியோனின் 32,000 பேர் 300 ஆகக் குறைக்கப்பட்டதற்கு, என் கையே என்னை இரட்சித்தது என்று இஸ்ரவேல் வீம்பு பேசாதிருக்க என்ற காரணம் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. எரிகோவின் அருகே உருவின பட்டயத்தோடு நின்றவரைப் பார்த்து, நீர் எங்களைச் சேர்ந்தவரோ எங்கள் சத்துருக்களைச் சேர்ந்தவரோ என்று யோசுவா கேட்கிறான். அவர் கொடுக்கும் பதில் அல்ல என்பதே.

கி.மு. 701-ஐச் சுற்றியும் இதே கண்டிப்பு இருக்கிறது. எருசலேமின் பழைய நகரத்தில் நாமான் அவிகாத் அகழ்ந்தபோது, ஏழு மீட்டர் அளவு அகலமுள்ள ஒரு மதில் வெளிப்பட்டது. அது அங்கே முன்பிருந்த வீடுகளை இடித்து அவற்றின்மேல் கட்டப்பட்டிருந்தது. ஏசாயா 22-ஆம் அதிகாரம், எருசலேமின் வீடுகளை எண்ணி, மதிலைப் பலப்படுத்த வீடுகளை இடித்தீர்கள், இரண்டு மதில்களுக்கு நடுவே தண்ணீருக்குத் தேக்கம் கட்டினீர்கள், ஆனால் இதைச் செய்தவரை நோக்காமற்போனீர்கள் என்று கடிந்துகொள்கிறது. தீர்க்கதரிசியின் வரியும் அகழ்ந்தெடுத்த கல்லும் இவ்வளவு நெருங்கிவரும் இடங்கள் சிலவே. அக்காலத்தது என்று பெரும்பாலோர் கருதும் சீலோவாம் சுரங்கம், 533 மீட்டர் நீளத்துக்குப் பாறையைக் குடைந்து ஊற்றுநீரை நகரத்துக்குள் கொண்டுவருகிறது. அதன் சுவரில் 1880-இல் கண்டெடுக்கப்பட்ட எபிரெயக் கல்வெட்டு, இரு முனையிலிருந்தும் குடைந்துவந்த தொழிலாளர்கள் மூன்று முழம் பாறை மிஞ்சியிருக்கையில் ஒருவர் குரலை ஒருவர் கேட்டதையும், கடப்பாரைக்கு எதிர்க் கடப்பாரையாக வெட்டிச் சந்தித்ததையும் சொல்கிறது. கிடைத்திருக்கும் வரிகளில் அரசன் பெயரும் இல்லை, கடவுள் பெயரும் இல்லை. எருசலேம் தப்பியதற்கு அந்தத் தொழிலாளர்களும் காரணம் என்று நான் நினைக்கிறேன். அதைக் கடவுளின் பங்கைக் குறைப்பதாக நான் கருதவில்லை.

அந்தத் தப்புதல் பின்வந்த தலைமுறைக்கு ஆபத்தாகவும் முடிந்தது. இந்த நகரம் வீழாது, கர்த்தரின் ஆலயம் இங்கே இருக்கிறது என்ற உறுதி நூறு ஆண்டுகளில் வேரூன்றிவிட்டது. தீர்க்கதரிசி எரேமியா ஆலயவாசலில் நின்று, பழைய வழிபாட்டிடமாக இருந்து அழிந்துபோன சீலோவைக் காட்டி, அதற்கு நான் செய்ததைப் போய்ப் பாருங்கள் என்று கர்த்தர் சொல்வதாக எச்சரித்தார். பாபிலோனின் நேபுகாத்நேச்சார் நகரத்தை வளைத்தபோது சிதேக்கியா அரசன் எரேமியாவிடம் ஆளனுப்பினான். ஒருவேளை கர்த்தர் தம்முடைய அற்புதங்களின்படியெல்லாம் எங்களுக்குச் செய்வார் என்பது அவன் சொல்லியனுப்பிய நம்பிக்கை. கி.மு. 701 திரும்ப நடக்கும் என்று எதிர்பார்த்தான் என்றே அதைப் படிக்கிறேன். எரேமியா 21:5-இல் வரும் பதில், நானே நீட்டின கையினாலும் பலத்த புயத்தினாலும் உங்களோடே யுத்தம்பண்ணுவேன் என்பது. யாத்திராகமத்தில் எகிப்துக்கு எதிராக நீண்ட அதே கை இப்போது எருசலேமுக்கு எதிராக நீள்கிறது. கி.மு. 586-இல், சிலர் கணக்கில் 587-இல், நகரமும் ஆலயமும் எரிந்தன.

இனி, வென்றவர்கள் எழுதியது என்ற உங்கள் அனுமானத்துக்கு வருகிறேன். இராஜாக்களின் புத்தகம் கடைசியாகச் சொல்லும் நிகழ்ச்சி, சிறையிருப்பின் 37-ஆம் ஆண்டில் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டிருந்த யூதாவின் அரசன் யோயாக்கீனைப் பாபிலோன் அரசன் சிறையிலிருந்து விடுவித்துத் தன் பந்தியில் அமர்த்தியது. அது கி.மு. 561-ஐ ஒட்டியது. பாபிலோனில் தோண்டியெடுத்த களிமண் ஏடுகளில் யூதாவின் அரசனாகிய யோயாக்கீனுக்கும் அவன் குமாரர்களுக்கும் அளந்துகொடுத்த எண்ணெயின் கணக்கு இருக்கிறது. 1939-இல் எர்ன்ஸ்ட் வைட்னர் அவற்றை வெளியிட்டார். ஆகவே அசீரியப் பாளயத்தில் தூதன் இறங்கிய இரவின் கதை, அதற்கு முன் எந்த வடிவில் வழங்கிவந்திருந்தாலும், இன்று நாம் படிக்கும் நூலாக முடிவுபெற்றது ஆலயத்தையும் அரசையும் நிலத்தையும் இழந்து, அந்நிய அரசன் அளக்கும் படியில் வாழ்ந்த காலத்துக்குப் பிறகுதான். அவர்கள் அந்த இரவையும் எழுதினார்கள், எரேமியாவின் பதிலையும் காத்துவைத்தார்கள். எருசலேம் அன்று தப்பியது வரலாறு. எப்படித் தப்பியது என்பது விவாதத்துக்குரியது. தப்புவித்தவர் கடவுள் என்பது என் நம்பிக்கை, அதை உங்கள்மேல் சான்றாகச் சுமத்த எனக்கு உரிமையில்லை. ஆனால் வென்றவர்கள் எழுதிய கதை என்ற விளக்கத்தை மட்டும், இந்த ஏடுகளைப் படித்தவன் என்ற முறையில், ஏற்க முடியவில்லை.